பழுப்பு என்று எழுதிய வெள்ளிக்கிழமை

சேக் மைதீனை ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறவர்களுக்குத் தன் கையால் பிரியாணி ஆக்கிப் போடுவதாக அவர் மனைவி மெஹருன்னிசா இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒருத்தரும் வந்து இலை போடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மனிதர் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், பந்தல்கால் நட்ட குழியைத்தான் எட்டிப் பார்ப்பார். மையவாடியில் ஜனாஸா அடக்கம் நடக்கும்போதுகூட, அல்லா மன்னிக்கட்டும், வெட்டிப் போட்ட மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டாமல் திரும்பியதில்லை. "மனுசனா நீங்க, இல்ல மண்புழுவா?" என்று மெஹருன்னிசா கேட்பார். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருப்பார்.

அவர் பிழைப்பு அப்படி. மதுரையில் நாலு மாடி எழுப்புகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு முன்னால் மண்ணைச் சோதிப்பார்கள். தல்லாகுளத்தில் இன்ஜினியர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ரிப்போர்ட் அடிப்பார்கள். அந்த மண்ணை வெயிலில் நின்று எடுத்துக் கொடுப்பவர் சேக் மைதீன். ஆகர் என்பது அவர் கருவி. ஆள் உயர இரும்புக் கம்பி, அடியில் திருகு வாய், தலையில் குறுக்குப் பிடி. ஆழம் கூடக் கூட நடுவில் இன்னொரு கம்பியைக் கோத்து நீட்டிக்கொள்ளலாம். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று பிடியைச் சுற்றி நடந்தால் கம்பி பூமிக்குள் இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் வெளியே இழுத்து, வாயில் சிக்கியிருக்கும் மண்ணைத் தள்ளிச் சாக்கில் வரிசையாக வைப்பார்கள். எதிர்ப் பிடியில் பத்தொன்பது வருஷமாக நடப்பவன் கண்ணுச்சாமி. சமயநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன், சேக் மைதீனைவிட ஒன்பது வயது இளையவன். இவர் அவனை மாப்ள என்பார், அவன் இவரை மாமா என்பான். இரண்டு பேரும் ஒரே குழியைச் சுற்றி நடந்த தூரத்தைச் சேர்த்து வைத்தால் காசிக்கும் மக்காவுக்கும் போய் வந்திருக்கலாம்.

அந்தக் கண்ணுச்சாமி இடம் வாங்கப் போகிறான்.

இதன் கனம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணுச்சாமியின் அப்பன், பாட்டன், அவனுக்கு முந்தியவன் எல்லாருமே அடுத்தவன் வயலில் சேறு மிதித்தவர்கள். அவன் மனைவி ராக்கம்மாள் பன்னிரண்டு வயதில் நாற்று நட இறங்கியவள். அந்த வம்சத்தில் ஒரு அடி மண்கூட எவன் பேரிலும் எழுதப்பட்டதில்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒரே காலனி வீட்டில் மூன்று அண்ணன் தம்பி குடும்பங்கள் சேலையைத் தடுப்பாகக் கட்டி வாழ்ந்தார்கள். புரோக்கர் மொக்கையன் காட்டிய பசுங்கிளி நகரில் நாற்பத்தோராம் நம்பர் மனை இரண்டரை சென்ட். பட்டா சுத்தம், வில்லங்கம் இல்லை, திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் பத்திரப் பதிவு. ராக்கம்மாள் அதற்குள் அங்கே போய் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் துளை போட்டோம் மாமா. எனக்கு ஒரு துளை போட வேணாமா?" என்றான் கண்ணுச்சாமி. வெள்ளிக்கிழமை காலை ஆகரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருநகருக்கு அந்தாண்டை ஒரு வீட்டுக்கு மண் எடுத்தார்கள். எட்டடிக்குக் கீழே நீலம் பாய்ந்த சாம்பல் களி வந்தது. ஈரத்தோடு பையில் போட்டால் ஒழுகும் என்று சாக்கில் காய வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். வந்து பார்த்தால் மண் பழுப்பாகக் கிடந்தது. இன்ஜினியர் பழுப்புக் களிமண் என்று எழுதி, சாதாரண அஸ்திவாரமே போதும் என்றார். மூன்றாம் மழைக்கு அந்த வீட்டின் சமையலறை ஒரு சாண் இறங்கியது. சுவரில் கை நுழைகிற வெடிப்பு. வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை வையவில்லை. வந்து நின்ற சேக் மைதீனுக்கு மோர் கொடுத்தார். வைதிருந்தால் மறந்திருப்பார், அந்த மோர் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அது ஏன் நிறம் மாறியது என்று தெரிந்தது வெகுநாள் கழித்துத்தான். கண்மாய்களின் பழைய எல்லையைக் கண்டுபிடிக்க இசைவாணி என்று மண்ணியல் படித்த ஒரு அதிகாரி வந்திருந்தார். இவர்கள் இரண்டு பேரையும் மூன்று வாரம் கூடவே வைத்துக்கொண்டு கண்மாய் கண்மாயாகத் துளை போட வைத்தார். சின்ன வயது, ஆனால் சேற்றில் முட்டி போட்டு உட்காரக் கூசாத பெண்.

"மண்ணும் மூச்சு விடும்ண்ணே," என்றார் அவர் ஒருநாள். "உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக கோடிக்கணக்குல இருக்கு. தண்ணி மாசக்கணக்குல தேங்கி நின்னா காத்து உள்ள போகாது. அந்த உசுருக இருக்கிற காத்தைத் தீத்துட்டு, மண்ணுல இருக்கிற இரும்புத் துருவுல கை வைக்கும். மண்ணுக்குச் செவப்பும் பழுப்பும் குடுக்குறதே அந்தத் துருதான். அதுல இருக்கிற மூச்சை உருவிக்கிட்டா நெறம் செத்துரும், இரும்பு கரைஞ்சு தண்ணியோட நகந்துரும். மிஞ்சி நிக்கிறதுதான் இந்தச் சாம்பலும் நீலமும்."

"அப்ப சாக்குல வச்சா ஏன்மா பழுப்பாகுது?"

"வெளிய வந்ததும் காத்துப் படுதுல்ல? மிச்சமிருக்கிற இரும்பு திரும்பவும் துருப்புடிக்குது. அரை மணி நேரம் போதும். அதான், எடுத்த கையோட நெறத்தை எழுதிறணும்."

சேக் மைதீன் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் எழுந்துவிட்டார் என்று மெஹருன்னிசா சொல்வார். அதற்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கினார். எத்தனையாவது அடி, என்ன மண், என்ன நிறம் என்று மூன்று கட்டம். ஆகரை இழுத்ததும் மண்ணைச் சாக்கில் வைக்கும் முன்னால் நிறத்தை எழுத வேண்டும். கண்ணுச்சாமிக்கும் அதுதான் சட்டம்.

நிறம் மட்டும் போதாது என்பதையும் அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டார்கள். கறுப்பாக இருந்தாலே கண்மாய் மண் என்கிறவனைத் திருமங்கலம் பக்கம் கரிசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே மழைக்கு ஏங்குகிற மண்தான் அட்டைக் கறுப்பு. தண்ணீர் நின்ற மண்ணுக்கு வேறு அடையாளம் உண்டு. மேலே இலையும் கோரையும் முழுசாக மக்காமல் மெழுகு மாதிரி ஒரு கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல். சாம்பலுக்குள்ளே சிவப்பு நூல் நூலாக ஓடும். கோரை வேர் காற்றைக் கீழே கொண்டுவருகிறது, காற்று பட்ட இடத்தில் மட்டும் இரும்பு துருப்பிடித்து வேரைச் சுற்றிப் படிகிறது. புதுசாகப் பார்க்கிறவன் சிவப்பைக் கண்டதும் செம்மண் கலப்பு என்று சந்தோஷப்படுவான், முட்டாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தள்ளினால் களி நாடாவாக நீண்டு வரும். நத்தை ஓடு கிடைக்கும். சில இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வந்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம். ஒரு மழைக்கு வருகிற குணம் இல்லை இது. வருஷா வருஷம் மாசக்கணக்கில் தண்ணீர் நின்று, வற்றி, மறுபடி நின்றால்தான் வரும்.

ஆக, கண்ணுச்சாமிக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசுங்கிளி நகர் முழுக்கச் செக்கச்செவேல் என்று கிராவல் அடித்து, ரோலர் ஓட்டி, கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டியிருந்தார்கள். மனையின் நடுவில் ஆகரை வைத்தார்கள். கிராவல் கல் மாதிரி இறுகியிருந்தது. இரண்டரை மணி நேரம் போராடி நாலடி. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது.

"ஒத்தையாச் சுத்தி முதுகப் புடிச்சுக்கிறாத. தொழுதுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு டிவிஎஸ் ஐம்பதை மிதித்தார் சேக் மைதீன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. பத்தடி வரைக்கும் இறங்கி, ஆறு உருண்டை மண் சாக்கில் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் பழுப்பு. கண்ணுச்சாமி கொடிக் கம்பத்து நிழலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

"ஒத்த ஆளா ஆறடியா இறக்கிட்ட?"

"லேசா எறங்கிருச்சு மாமா."

லேசாக இறங்கிவிட்டதாம். நாலடி கிராவலுக்குக் கீழே வெண்ணெய் மாதிரி இறங்குகிற மண் எது என்று சேக் மைதீன் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டினார். ஐந்தாம் அடியிலிருந்து நிறக் கட்டம் காலி.

"எழுதலயா?"

"பேனா எழுதல மாமா."

அதே பேனா இவர் கைக்கு வந்ததும் எழுதியது. அதையும் அவர் கேட்கவில்லை. ஆகரைத் துடைக்கத் தூக்கினார். திருகு வாயின் உள்மடிப்பில் ஒட்டியிருந்த களியிலிருந்து அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகிய முட்டை. லேசாகத்தான். ஆனால் சேக் மைதீனின் மூக்குக்கு லேசு, பலம் என்று வித்தியாசம் கிடையாது. சாக்கில் கிடந்த ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலம் மிச்சமிருக்கும். அவர் கை கட்டியை நோக்கிப் போனது.

அப்போதுதான் ராக்கம்மாள் தூக்குவாளியோடு வரப்பு ஏறி வந்தாள்.

"அண்ணே, மண்ணு எப்புடிண்ணே இருக்கு?" தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நேத்து இவுகளும் நானும் ஒரு முழம் குழி தோண்டி, அந்த மண்ணையே திருப்பிப் போட்டு மூடிப் பாத்தோம். மண்ணு மிஞ்சுச்சுண்ணே! மிஞ்சுனா வீடு வெளங்கும்ல?"

மனை வாங்கும்போது ஊரில் எல்லாரும் பார்க்கிற சோதனைதான் அது. லாரியில் கொட்டி ரோலரில் அழுத்திய கிராவலைத் தோண்டினால் உதிர்ந்து பெருகத்தான் செய்யும், மிஞ்சாமல் என்ன செய்யும்? அதைச் சொல்ல வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணின் முகமாக அது இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளையின் முகமாக இருந்தது.

"நல்ல மண்ணு தங்கச்சி," என்றார் சேக் மைதீன். "கண்ண மூடிட்டுக் கட்டலாம்."

கட்டியை உடைக்கவில்லை. ஆகரைத் துணியால் அழுத்தித் துடைத்தார். நோட்டில் ஐந்திலிருந்து பத்து வரை தன் கையாலேயே எழுதினார்: பழுப்பு, பழுப்பு, பழுப்பு. ராக்கம்மாள் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை நின்றபடியே தின்றார். முந்திரி பல்லில் சிக்கியது.

அதோடு போச்சு அவர் நிம்மதி. சும்மாவே கால் தரிக்காத மனிதர், பொய் சொன்ன பிறகு கேட்கவா வேண்டும்? சனிக்கிழமை வேலை இல்லை. காலையிலிருந்து நாலு டீ, நாலும் வெவ்வேறு கடையில். யானைக்கல் பாலத்தில் வண்டியை நிறுத்தி வைகையைப் பார்த்தார். அங்கேயும் மணலைத்தான் பார்த்தார். நெல்பேட்டையில் கறி வாங்கப் போய், வாங்காமல் வந்தார். வீட்டுக்கு வந்து முற்றத்துக் குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

மெஹருன்னிசா வெள்ளிக்கிழமைச் சட்டையைத் துவைக்க எடுத்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, கூமுட்ட நாத்தம்?"

"இன்னும் அடிக்குதா?"

"எங்கிட்டுப் போய் விழுந்தீங்க?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். மெஹருன்னிசா சட்டையை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பச் சொன்னா?"

"எடம் போயிரும்."

"சொல்லலைன்னா?"

"வீடே போயிரும்."

"அப்புறம் என்னத்துக்கு இங்க குழாயத் திருகிக்கிட்டு நிக்கிறீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விக்கெல்லாம் உடனே பதில் வைத்திருக்கிற மனிதன் எங்கே இருக்கிறான்? பைல் அடித்துத் தூண் இறக்கினால் அந்த மண்ணிலும் வீடு நிற்கும்தான். ஆனால் மனையைவிட அதற்குத்தான் செலவு கூட. அது கண்ணுச்சாமி பார்க்கக்கூடிய காசு இல்லை. தண்ணீரை என்ன செய்வது? அடைமழையில் கட்டிலுக்குக் கீழே தவளை கத்துமே, அதற்கு எந்த இன்ஜினியர் தூண் போடுவான்? ஒருவேளை நாற்றம் தன் மனப்பிரமையாக இருக்குமோ என்றும் ஒரு ஆசை. இருக்கட்டுமே, யா அல்லா, பிரமையாகவே இருக்கட்டுமே!

ஞாயிற்றுக்கிழமை பசுங்கிளி நகருக்குப் போனார். முருங்கைக் கொம்பில் ஒரு துளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வேகமாகத் தாண்டி நடந்தார். மனைகளுக்குப் பின்னால் கருவேல மரங்கள், அதற்கப்பால் கண்மாய். ஆனி மாத வெயிலில் தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. சுற்றிலும் கோரை. காலடியில் நத்தை ஓடுகள் நொறுங்கின. கரையின் கோடியில் கலுங்கு இருந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிய கல் வாசல். அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். கலுங்கின் மட்டத்தைவிடப் பசுங்கிளி நகரின் கொடிக் கம்பங்கள் நட்ட தரை தாழ இருந்தது. கண்மாய் நிறைகிற வருஷம் தண்ணீர் கலுங்கில் வழியும் முன்னால் நாற்பத்தோராம் நம்பரில் போய் உட்காரும். பட்டாவில் இதெல்லாம் எழுத மாட்டார்கள்.

நேரே கண்ணுச்சாமி வீட்டுக்கு வண்டியை விட்டார். போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் போனார். அங்கே வாசல் கொள்ளாத சொந்தக்காரர்கள். உசிலம்பட்டியிலிருந்து ராக்கம்மாளின் தங்கை வந்திருந்தாள். தடுப்புச் சேலையை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள்.

"வாங்கண்ணே, வாங்கண்ணே! அண்ணந்தான் மண்ணு பாத்துச் சொன்னது," என்று எல்லாரிடமும் காட்டினாள் ராக்கம்மாள். ஒரு கிழவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணுச்சாமி மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். இவர் கண்ணைப் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. இரண்டு உளுந்த வடை தின்றுவிட்டு, அவசர வேலை என்று கிளம்பி வந்துவிட்டார். கோழைத்தனம்தான், வேறு என்ன பேர் வைப்பது?

திங்கட்கிழமை வெள்ளனே ஆறு மணிக்கு அவர் போன் செய்தார். "மாப்ள, மனையில நிக்கிறேன். ஆகரோட. வா."

"வாரேன்," என்றான் கண்ணுச்சாமி.

புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் விபூதியோடு வந்தான். அதற்குள் சேக் மைதீன் மனையின் தாழ்ந்த மூலையைத் தேர்ந்து, கிராவல் ஒன்றரை அடியே இருந்த இடத்தில், கடப்பாரையால் இடித்துக் குழியைத் தொடங்கியிருந்தார். பிடியைக் காட்டினார். கண்ணுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப் பிடியைப் பிடித்தான். பத்தொன்பது வருஷப் பழக்கம், பேச்சு இல்லாமலே கால்கள் சுற்றின. மூன்றாம் அடியில் கறுப்பு வந்தது. நாலாம் அடியில் ஆகரை இழுத்தபோது அது வந்தது. நீலம் பாய்ந்த சாம்பல், நடுவே சிவப்பு நூல்கள், ஒரு உடைந்த நத்தை ஓடு. நாற்றம் குப்பென்று ஏறியது.

சேக் மைதீன் அதை எடுத்துக் கண்ணுச்சாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"பாரு மாப்ள. காத்துப் படுறதுக்குள்ள பாத்துக்க."

கண்ணுச்சாமி பார்க்கவில்லை. கருவேல மரத்தைப் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன் மாமா."

சேக் மைதீனுக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க பள்ளிவாசலுக்குப் போனதும் அஞ்சாவது அடியில இதே நீலந்தான் வந்துச்சு. அடுத்ததும். அதுக்கடுத்ததும். சாக்குல வரிசையா வச்சு, பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்சங் கொஞ்சமா மாறுச்சு. சாமி, அவரு வாரதுக்குள்ள பழுப்பாயிரணும்னு வேண்டுனேன். சாமியும் கேட்டுருச்சு." சிரிக்கப் பார்த்தான், முகம் கோணியது. "நீங்க ஒரு கட்டிய ஒடச்சாப் போதும், தெரிஞ்சு போயிரும். ஒடச்சீகன்னா விட்ருவோம், ஒடைக்கலைன்னா வாங்கிருவோம்னு ஒங்க கையில விட்டேன். நீங்க ஒடைக்கல. உசுரு வந்த மாதிரி இருந்துச்சு."

"நான் மோந்துட்டேன்டா," என்றார் சேக் மைதீன். "ஆகரத் தொடைக்கும்போதே மோந்துட்டேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."

கண்ணுச்சாமி சட்டென்று திரும்பினான். பத்தொன்பது வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"மோந்துமா? மோந்துமா நல்ல மண்ணுன்னு சொன்னீக? யோவ், நான் எம் மனைக்கு ஆசப்பட்டவன், கண்ணு அவிஞ்சு போச்சு. ஒமக்கென்னய்யா வந்துச்சு? ஒம்ம நம்பித்தான நான் வாயப் பொத்துனேன்!"

"தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன். வாய் வரல."

"வாய் வரலயாம்! எம் பொண்டாட்டி அந்த மூஞ்சியோட தண்ணிக்குள்ள கெடப்பாளே, அப்ப வருமாய்யா வாயி?"

சேக் மைதீன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். திருநகரில் கிடைக்காத வசவு இது. வாங்க வாங்க மூன்று நாள் பாரம் கொஞ்சம் இறங்கியது என்பதுதான் வெட்கக்கேடு. கண்ணுச்சாமிக்கு மூச்சு வாங்கியது. புது வேட்டியில் சேறு. கடைசியில் ஆகர்க் கம்பியிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதான். எதிர்ப் பிடியைப் பிடித்தபடி இவரும் அழுதார். ரோட்டில் போன பால்காரன் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனான்.

போன் அடித்தது. மொக்கையன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. கண்ணுச்சாமி உள்ளங்கையை விரித்தான். களியின் ஓரமெல்லாம் பழுப்பு ஏறிவிட்டது, நடுவில் ஒரு காசளவு நீலம். அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தான்.

"இல்லண்ணே. வேணாம்... ஆமா, பத்திரம் வேணாம்... முகூர்த்தமெல்லாம் ஒண்ணுமில்ல. மண்ணு சரியில்லண்ணே." அந்தப் பக்கம் மொக்கையன் கத்துவது சேக் மைதீனுக்கே கேட்டது. "சர்ட்டிபிகேட்டா? நாந்தாண்ணே சர்ட்டிபிகேட்டு. பத்தொம்பது வருசமா இதான் எந்தொழிலு."

போனை வைத்துவிட்டு, வழக்கம்போல எடுத்த மண்ணையெல்லாம் குழியில் தள்ளி மூடினார்கள். ஆட்டுக் கால், மாட்டுக் கால் மாட்டக் கூடாது என்பதற்காக எப்போதும் செய்வதுதான். மூடிக் காலால் மிதித்த பிறகும் இரண்டு கை மண் மிஞ்சிக் கிடந்தது. கண்ணுச்சாமி அதை ஒரு தரம் பார்த்துவிட்டு எத்திவிட்டான்.

ராக்கம்மாளிடம் யார் சொல்வது? நான் சொல்றேன் என்றார் சேக் மைதீன். குழியை மூடும் முன்பே கையளவு நீலக் களியைப் பாலிதீன் பையில் காற்று இல்லாமல் பிதுக்கி இறுக்கிச் சுற்றி எடுத்து வைத்திருந்தார். வெறும் வாயால் இன்னொரு தரம் எதையும் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

அவள் கல்யாணத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு தெருமுனையிலேயே நின்றாள். தலை நிறைய மல்லிகை. இரண்டு பேரின் கோலத்தையும், வேட்டிச் சேற்றையும் பார்த்ததும் அவள் வாயில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. சேக் மைதீன் பையைப் பிரித்துக் காட்டினார். கண்மாய், கலுங்கு, மூச்சு, துரு என்று ஏதேதோ ஆரம்பித்தார்.

அவள் எதையும் கேட்கவில்லை. குனிந்து ஒரு விள்ளல் எடுத்தாள். விரலில் தள்ளினாள், நாடாவாக நீண்டது. மோந்தாள்.

"இது நடவுச் சேறுல்ல?" என்றாள் மெதுவாக. "முப்பது வருசமா நான் நின்ன சேறு இது. எனக்கென்னத்துக்குண்ணே இம்புட்டு வெளக்கம்? அன்னைக்கே இத எங்கையில குடுத்திருந்தா நானே சொல்லிருப்பேன்ல?"

கண்ணுச்சாமியும் சேக் மைதீனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷமும் மூன்று வாரப் படிப்பும் இருந்த இரண்டு பேருக்கும், அவளிடம் ஒரு உருண்டையைக் கொடுத்துக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

"இதுல இருந்து காலை எடுக்கணும்னுதானண்ணே எடம் கேட்டேன்," என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. "இதுக்குள்ளயே வீட்டக் கட்டிக் குடி வைக்கப் பாத்தீகளே ரெண்டு பேரும்."

"தெரிஞ்சுதான் தங்கச்சி பொய் சொன்னேன்," என்றார் சேக் மைதீன். "ஒம் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு வாய் வரல. மன்னிச்சிரு."

ராக்கம்மாள் களியைப் பையிலேயே போட்டு, கையைக் குழாயடியில் போய்க் கழுவினாள். நகக்கண் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சேலை நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"வேற எடம் பாப்போம். நீங்கதான் வந்து மண்ணெடுக்கணும், வேற யாரும் வேணாம்," என்றாள். "ஆனா சொல்றப்ப எம் மூஞ்சியப் பாக்காதீகண்ணே. மண்ணப் பாத்துச் சொல்லுங்க."